காலியான தெரு என்று ஒன்று இல்லை

வரைபடச் செயலிகளில் வழி வகுத்துத் தரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் திரையில் எங்கள் தெரு ஒரு மெல்லிய கோடு. பக்கத்துப் பெரிய சாலை நெரிசலில் சிவந்து கிடக்கும்போது இந்தக் கோட்டில் மட்டும் எந்த நிறமும் இருக்காது. ஓட்டுநரின் காதில் உங்கள் குரல் சொல்கிறது: அடுத்த திருப்பத்தில் இடப்பக்கம், இரண்டு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரலாம். அவர் திரும்புகிறார். பின்னாலேயே இன்னொருவர். அந்த இரண்டு நிமிடம் யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று ஒருவராவது உங்களுக்கு எழுத வேண்டும் அல்லவா?

தெருப் பிரச்சினைக்கு நகராட்சிக்கல்லவா மனுப் போட வேண்டும் என்பீர்கள். போட்டாயிற்று. வேகத்தடை கேட்டோம், வந்தது. பலகை கேட்டோம், அதுவும் வந்தது. பலகையைச் செயலி படிப்பதில்லை. பெரிய சாலையில் எதற்கோ தோண்டியபோது ஆரம்பித்தது இது. குழியை மூடி, மேலே தார் போட்டு, தோண்டியதையே எல்லாரும் மறந்த பிறகும் மாலை நேரத்து வண்டிகள் எங்கள் பக்கமே திரும்புகின்றன. இப்படி ஒரு வழி இருப்பது ஒருமுறை தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான். வண்டிகளை இங்கே அனுப்பும் முடிவு நகராட்சி மேசையில் எடுக்கப்படவில்லை. அதனால்தான் மடலும் அங்கே போகவில்லை.

முதலில் தெருவைச் சொல்லிவிடுகிறேன்.

சிறிய ஊரில் வீடு வாசற்படியோடு முடிவதில்லை. எதிர்வீட்டு மதில்வரை நீளும். காலையில் அரைமணி நேரம் பரபரப்பு: பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்புகிறவர்கள், கதவைப் பூட்டியபிறகு மறந்ததை எடுக்கத் திரும்பி ஓடுகிறவர்கள். அது அடங்கியதும் தெரு முதியவர்கள் கைக்குப் போகிறது. அவர்கள் ஓரத்தில் நடப்பதில்லை, நடுவில்தான் நடப்பார்கள். காரில் வருகிறவருக்கு எரிச்சலாக இருக்கும். ஓரமெல்லாம் மேடு, பள்ளம், சரிவு, துருத்திய வேர். முழங்கால் வலி உள்ளவருக்குச் சமமான தரை நடுவில் மட்டுமே இருக்கிறது. கைத்தடியோடு ஒருவர் தெருக்கோடிவரை போய்த் திரும்புவது அவருடைய மருத்துவர் சொன்ன உடற்பயிற்சி. உங்கள் திரை அந்த நேரத்தில் போக்குவரத்து இல்லை என்று காட்டும்.

நடுப்பகலில் பூனை வெயில் விழும் இடமாகப் பார்த்து நடுத்தெருவில் படுக்கும். நிழல் நகர நகர நாயும் நகரும். எந்த வீட்டில் இந்நேரம் ஆள் இருக்கும், எந்த வீட்டில் இருக்காது என்பது தபால்காரருக்கு மணியடிக்காமலே தெரியும். மாலையில் பிள்ளைகள். சைக்கிள் பழக வேண்டுமென்றால் வண்டி வராத, நீளமான, சமமான தரை வேண்டும். பெருநகரத்தில் அதற்கு மைதானம் தேட வேண்டும். இங்கே கதவைத் திறந்தால் போதும். பந்தாட்டத்துக்கு மின்கம்பம்தான் எல்லை. வண்டி வந்தால் யாராவது ஒருவர் கூவுவார், எல்லாரும் ஒதுங்குவார்கள், வண்டி போனதும் ஆட்டம் விட்ட இடத்தில் தொடரும். அப்படி ஒதுங்குவதும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. இப்போது ஒதுங்கி ஒதுங்கியே பொழுது சாய்ந்துவிடுகிறது. பெரிய பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள், அதற்கு வேறு செயலிகள் இருக்கின்றன.

அமைதியான தெரு என்றால் சத்தமே இல்லாத தெரு என்று எண்ணிவிட வேண்டாம். சத்தம் நிறைய உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். அதுதான் வேறுபாடு. கம்பிக்கதவின் தாழ்ப்பாள் வீட்டுக்கு வீடு வேறு மாதிரி விழும். எழுந்து பார்க்காமலே யார் வந்தது, யார் கிளம்பியது என்று சொல்லிவிடலாம். மாடியில் துணி உதறும் சத்தம், யாரோ நாற்காலி இழுப்பது, இரண்டு வீடு தள்ளி ஒருவர் விடாமல் இருமுவது. அந்த இருமல் ஒரு வாரம் நீண்டால் யாராவது போய் விசாரிப்பார்கள். பெரிய சாலையோரம் வீடு இருந்தால் இதெல்லாம் ஒரே இரைச்சலுக்கு அடியில் போய்விடும், அண்டை வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது.

எல்லாம் இனிமை என்று பொய் சொல்லமாட்டேன். இங்கே ரகசியம் தங்காது. புது முகம் வந்தால் ஜன்னல் திரை அசையும். வீட்டுக்குள் சண்டை என்றால்கூடக் குரலைத் தணித்துத்தான் போட வேண்டும். நீங்கள் வாங்கிய பொருளின் பெட்டி குப்பைக்கு வரும் முன்பே அதன் விலை தெருவுக்குத் தெரிந்திருக்கும். இருபது வயதில் இங்கிருந்து ஓடிவிட வேண்டும் என்று நினைக்காதவர் குறைவு. பலர் ஓடியும் போனார்கள், சிலர் குழந்தை பிறந்ததும் திரும்பி வந்தார்கள். வேவு பார்க்கும் அதே கண்கள்தான், வழக்கமான நேரத்தில் ஒரு வீட்டின் ஜன்னல் திறக்காவிட்டால் கவனிக்கின்றன. தனியாக இருக்கும் ஒருவர் வழுக்கி விழுந்து கிடந்தால் அவரைக் கண்டுபிடிப்பது எந்தக் கருவியும் அல்ல, எதிர்வீட்டுக்காரரின் அதிகப்பிரசங்கித்தனம். எனக்கு அந்தக் கண்கள் பிடிக்காது. ஆனால் அவை இல்லாத தெருவில் வயதாக எனக்கு விருப்பமில்லை.

இதெல்லாம் வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவீர்கள் என்று தெரியும். உங்களுக்கு எண்கள் வேண்டும். 1960களின் இறுதியில் டானல்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் அருகருகே இருந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். வீடுகளும் மக்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி. வண்டிகள் மட்டும் வேறு. ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டி, அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக அதே தெருவில் 3 நண்பர்கள், 6.3 அறிமுகக்காரர்கள். வண்டி மிகுந்த தெருவில் 0.9 நண்பர், 3.1 அறிமுகக்காரர்கள். உங்கள் வீடு எதுவரை என்று வரைந்து காட்டச் சொன்னபோது, முதல் தெருவினர் முழுத் தெருவையும் சுற்றிக் கோடு போட்டார்கள். மூன்றாவது தெருவினரின் கோடு தங்கள் கட்டடத்தைத் தாண்டவில்லை. இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள் மோசமான மனிதர்கள் என்பதால் அல்ல. நடுவே ஓடியதைக் கடந்துபோய்ப் பேசுவது தொல்லை என்பதால். இதை அளந்து சொன்ன ஆப்பிள்யார்ட் 1982இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த வண்டி மோதி இறந்தார்.

சத்தத்துக்கு வருவோம். நீங்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்பதால் இதைச் சுருக்கமாகச் சொன்னாலே புரியும். சத்தத்தை அளக்கும் டெசிபல் மடக்கை அளவு, அதாவது எத்தனை வண்டி கூடியது என்பதல்ல, எத்தனை மடங்கு கூடியது என்பதே அதில் கணக்கு. பெரிய சாலையில் மணிக்கு 1,000 வண்டி ஓடுகிறது, எங்கள் தெருவில் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாலையிலிருந்து 60 வண்டிகளை எடுத்து எங்கள் பக்கம் திருப்புகிறீர்கள். வேகமும் வண்டி வகையும் மாறவில்லை என்றால், பெரிய சாலையின் சத்தம் ஏறத்தாழ 0.3 டெசிபல் குறையும். மனிதக் காதுக்கு அது தெரியவே தெரியாது. அன்றாடச் சூழலில் 3 டெசிபல் அளவுக்கு மாறினால்தான் மாற்றம் புலப்படும். எங்கள் தெருவில் 6 என்பது 66 ஆகிறது. 10 டெசிபலுக்கு மேல் ஏற்றம். 10 டெசிபல் கூடினால் காது அதை இரண்டு மடங்குச் சத்தமாக உணரும். ஆக, அங்கே யாருக்கும் நிம்மதி கூடவில்லை, இங்கே எல்லாருக்கும் சத்தம் இரட்டித்துவிட்டது. இதைச் சுமையைப் பகிர்வது என்று அழைப்பது எப்படிச் சரியாகும்?

பெரிய சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு மட்டும் காது இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு அமைதி வேண்டுமென்றால் அங்கே வேகம் குறைய வேண்டும், வண்டிகள் மொத்தத்திலேயே குறைய வேண்டும். நூற்றில் ஆறை எங்கள் பக்கம் தள்ளுவதால் அவர்களுக்குக் கிடைப்பது அந்த 0.3 மட்டுமே.

இரவைப் பற்றிச் சராசரி எண் எதுவும் சொல்லாது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டுக்கு வெளியே இரவு நேரச் சாலைச் சத்தம் சராசரியாக 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் தெரு அந்தத் தேர்வில் சுலபமாகத் தேறிவிடும். ஆனால் தூங்குகிறவர் சராசரியைக் கேட்பதில்லை. வேகத்தடையில் ஏறி, இறங்கி, மறுபடி ஆக்சிலரேட்டரை அழுத்தும் ஒரே ஒரு வண்டியைக் கேட்கிறார். பறவைகளும் இதற்குத் தப்பவில்லை: நெதர்லாந்தின் லெய்டன் நகரில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சத்தமான இடங்களில் வாழும் கிரேட் டிட் என்னும் குருவிகள் வண்டிகளின் தாழ்ந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டி உயர்ந்த சுருதியில் பாடுவது தெரியவந்தது.

வேகம் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை, ஒரு கணக்குப் போதும். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கை அழுத்த ஒரு விநாடி என்று கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விநாடியில் வண்டி 8 மீட்டர் ஓடும்; உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் என்றால் அடுத்த 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13. 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். அதாவது முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது வண்டி வேகம் குறையவே ஆரம்பிக்கவில்லை. மனிதர்களும் வண்டிகளும் அடிக்கடி கலக்கும் இடங்களில் 30தான் உச்சம் என்று 2020 பிப்ரவரியில் சாலைப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாட்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டதன் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது. தெருவில் வசிப்பவர் எப்போதாவது 30ஐத் தாண்டுவதில்லையா என்றால், தாண்டுவார். ஆனால் எந்த வீட்டு வாசலிலிருந்து பந்து உருளும், பந்துக்குப் பின்னால் யார் ஓடிவருவார் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் அனுப்பும் ஆளுக்குத் தெரிந்தது அம்புக்குறி மட்டும். அவர் கண் பாதி நேரம் உங்கள் மேல்தான் இருக்கிறது.

இனி உங்கள் பட்டறைக்குள் கொஞ்சம் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இன்று பயன்படுத்தும் முறைகளுக்கெல்லாம் மூதாதை, நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1956இல் யோசித்து 1959இல் வெளியிட்ட வழிமுறை. ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு மிகக் குறுகிய வழி எது என்பதுதான் கேள்வி. ஆம்ஸ்டர்டாமில் தான் மணக்கவிருந்த பெண்ணோடு கடைக்குப் போன இடத்தில், களைத்து உட்கார்ந்த இருபது நிமிடத்தில், காகிதமும் பேனாவும் இல்லாமல் அதை மனத்துக்குள்ளேயே போட்டு முடித்ததாகப் பின்னாளில் சொன்னார். அழகான வேலை. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் எடை என்று ஓர் எண், கூட்டுத்தொகை குறைந்த பாதை வெல்லும். இதில் கவனிக்க வேண்டியது, எடை என்பது என்ன என்று அந்த முறை கேட்பதேயில்லை. தூரமா, நேரமா, செலவா, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நேரம் என்று தீர்மானித்தது கணிதம் அல்ல, நீங்கள். (டெய்க்ஸ்ட்ரா 1973 முதல் பல ஆண்டுகள் நூனென் என்ற சிற்றூரில் தன் வீட்டிலிருந்தபடியே ஒரு கணினி நிறுவனத்துக்காக வேலை பார்த்தார். அங்கே தெரு அமைதியாக இருந்திருக்கும் என்றே நம்ப விரும்புகிறேன்.)

எடையை மாற்ற முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சுங்கச்சாவடியைத் தவிர்க்கும் பொத்தான் வெகுகாலமாக இருக்கிறது. படகுத்துறையைத் தவிர்க்கவும் இருக்கிறது. 2021இல் கூகுள் மேப்ஸ் அமெரிக்காவில் எரிபொருள் குறைவாகச் செலவாகும் வழியைக் காட்டத் தொடங்கியது. ஒன்றிரண்டு நிமிடம் கூடினாலும் பரவாயில்லை என்று அங்கே நேரத்துக்கு எதிராக வேறொன்று எடை போடப்படுகிறது. எது குடியிருப்புத் தெரு என்று கண்டுபிடிப்பதும் கடினமில்லை. தன்னார்வலர்கள் 2004 முதல் வளர்த்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணைய வரைபடத்தில் அதற்குத் தனிக் குறியே உண்டு. நடப்பவருக்கு முன்னுரிமை தரும் தெருவுக்கு இன்னொரு குறி. அந்த இரண்டாவது வகைத் தெருவை முதலில் உருவாக்கியவர்களே குடியிருப்பவர்கள்தான். 1960களின் இறுதியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் தங்கள் தெருவில் வண்டிகள் விரைந்து போக முடியாதபடி தடைகளை வைத்தார்கள். 1976இல் அந்நாட்டு அரசு அதைச் சட்டமாக்கியது: அப்படிப்பட்ட தெருவில் வண்டி, நடப்பவர் வேகத்தில்தான் போக வேண்டும்.

பொதுச்சாலையில் உனக்கு மட்டும் என்ன தனியுரிமை என்ற கேள்வி வரும். தனியுரிமை கேட்கவில்லை. இந்தத் தெருவுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் வரட்டும்: விருந்தாளி, பொருள் கொண்டு வருபவர், வீடு பார்க்க வந்தவர், வழி தவறி வந்தவர்கூட. பெரிய சாலையில் விபத்து, வெள்ளம் என்றால் ஊரே இந்த வழியாகப் போகட்டும், நாங்களே நின்று வழி காட்டுவோம். வாசலில் நாற்காலி போட்டு மறிக்கிற கூட்டம் அல்ல நாங்கள். தெருவுக்கு வருவதும் தெருவைத் துளைத்துக்கொண்டு போவதும் வேறு வேறு. பயணத்தின் தொடக்கமும் முடிவும் இங்கே இல்லை என்பது உங்களுக்குத்தான் எல்லாரையும்விட முதலில் தெரியும்.

இதை ஊர்கள் தாமே சமாளிக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஜெர்சியில் உள்ள லியோனியா உதாரணம். நியூயார்க் நகருக்குள் செல்லும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் போகும் வண்டிகளைச் செயலிகள் அந்தச் சிற்றூருக்குள் திருப்பிவிட, வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலிலிருந்து காரை வெளியே எடுக்க முடியாமல் தவித்தார்கள். 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களை நெரிசல் நேரங்களில் வெளியாருக்கு மூடினார்கள். மீறினால் 200 டாலர் அபராதம். உள்ளூர்க்காரர்களுக்குக் காரில் தொங்கவிட மஞ்சள் அட்டை. வாடிக்கையாளர் வரவில்லை என்று ஊர்க் கடைக்காரர்கள் புலம்பினார்கள், வழக்கு வந்தது, அதே ஆண்டில் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. ஓர் ஊர் தன் தெருவுக்குள் நுழைய அட்டை அச்சடிக்கும் நிலைக்குப் போனது யாருக்கும் நல்லதல்ல, எனக்கும் அப்படிப்பட்ட ஊரில் இருக்கப் பிடிக்காது. உங்கள் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால் அந்த அட்டைக்கு வேலையே இருந்திருக்காது.

ஆகவே கேட்பது இதுதான். பயணம் தொடங்காத, முடியாத குடியிருப்புத் தெரு வழியாக அனுப்பும்போது அதற்குக் கூடுதல் எடை போடுங்கள். பொத்தானாக வைத்து ஓட்டுநர் தலையில் கட்டாதீர்கள். யாரும் அதைத் தேடி அழுத்தமாட்டார்கள். யாரும் எதையும் தொடாமலே அப்படித்தான் இருக்க வேண்டும். பத்து நிமிடம் மிச்சமாகுமென்றால் அனுப்புங்கள், சண்டைக்கு வரமாட்டோம். இரண்டு நிமிடத்துக்காக வேண்டாம். சாலை வேலைக்காகத் திருப்பிவிட்ட வழியை, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்ட நேரத்திலிருந்து இருட்டும்வரை எடையை இன்னும் கூட்டுங்கள். நேரத்துக்கு நேரம் எடை மாற்றுவது உங்களுக்குப் புதிதல்ல. ஒரு சிறு நகராட்சி எழுதினால் அதைப் படிக்க ஒரு மனிதரை வையுங்கள்.

ஓட்டுநர்கள் கோபிப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நானும் வெளியூர் போனால் உங்கள் குரலைக் கேட்டுத்தான் ஓட்டுகிறேன். இரண்டு நிமிடம் தாமதமானது எனக்குத் தெரியப்போவதில்லை, ஏனென்றால் போகாத வழியை நான் பார்க்கப்போவதில்லை.

பதில் எழுதுவதானால் எடையில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று தொடங்கும் தானியங்கிப் பதில் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
நீங்கள் குறுக்குவழி என்று காட்டும் தெருவில் குடியிருக்கும் ஒருவர்